நிதானப் பூட்டு

சென்னியப்பன் கோபத்தில் செத்தார் என்று அரசாங்கம் எழுதி அனுப்பியிருந்தது. புருஷன் போன துக்கத்தைக் கூடத் துளசிமணி எப்படியோ விழுங்கிவிட்டாள். அந்த ஒரு வரி மட்டும் தொண்டையிலேயே நின்றது.

கோபமாம்! யாருக்கு? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனுஷன் குரலை உயர்த்தி அவள் கேட்டதில்லை. குழம்பில் உப்பில்லையென்றால் சத்தமில்லாமல் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வருவார். மாடு காலை மிதித்தால், "நாந்தான் குறுக்க வந்துட்டேன்" என்று மாட்டுக்குப் பரிந்து பேசுவார். அவர் தம்பி பழனியப்பனோ தினம் யாரோடாவது மல்லுக்கு நிற்காவிட்டால் சோறு இறங்காத ரகம். "உனக்கு ரோசமே கெடையாதாண்ணா?" என்று அண்ணனைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனவன் அவன்.

நடந்தது இதுதான். விடிகிற நேரத்தில் மக்காச்சோளக் காட்டுக்குள் பன்றி இறங்கிய சத்தம் கேட்டுச் சென்னியப்பன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். பயிர்க் காவலுக்கென்று முறையாக உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி, அவருடைய அப்பா காலத்தது. குட்டிகளோடு வந்திருந்த தாய்ப்பன்றி அவர்மேல் பாய்ந்தது. விசையை இழுத்தார். சுடவில்லை. பழனியப்பன் ஓடிப்போய்ப் பார்த்தபோது அண்ணனின் விரல் இன்னும் விசையில்தான் இருந்தது. துப்பாக்கிப் பிடியில் பதித்திருந்த சின்ன விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. தொடை கிழிந்து ரத்தமெல்லாம் போய், உயிர் அடங்கியிருந்தது.

அந்த விளக்கு நிதானப் பூட்டு என்ற கருவியைச் சேர்ந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் திண்டுக்கல் பக்கம் ஒரு கல்யாண ஊர்வலத்தில் யாரோ ஒருவன் குடித்துவிட்டு, மாலை மரியாதையில் மனஸ்தாபம் என்று கூட்டத்தைப் பார்த்துச் சுட்டான். வேடிக்கை பார்க்க நின்ற பெண்பிள்ளைகள் செத்தார்கள். அதற்குப் பிறகு டிவியைத் திறந்தால் அதே படம்தான், வாரக்கணக்கில். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து கையைத் தூக்கிய அபூர்வமான சட்டம் ஒன்று சட்டசபையில் நிறைவேறியது: தனியார் துப்பாக்கி எதுவானாலும் பூட்டுப் போடவேண்டும். பிடிக்கிற ஆளின் உள்ளங்கையைப் பார்த்து, அவன் நிதானத்தில் இருக்கிறான் என்று தெரிந்தால் விளக்கு பச்சையாகும், விசை இளகும். இல்லாவிட்டால் சிவப்பு. நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றார்கள்? மலையடிவாரத்துக் காட்டில் பன்றிக்கு எதிரே நிற்கிறவனுக்கு நிதானம் எங்கிருந்து வரும் என்று மட்டும் சட்டசபையில் ஒருத்தரும் கேட்கவில்லை.

துளசிமணி சென்னைக்கே போனாள். பூட்டை வடிவமைத்த பிரிவுக்குத் தலைவர் கிருபாகரன். அந்த ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் அவர்தான். தடித்த கண்ணாடி, சுருக்கமில்லாத சட்டை, மெதுவான பேச்சு. வந்தவளை எழுந்து நின்று வரவேற்றார். அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அதட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

"என்ற ஊட்டுக்காரரு கோவப்பட்டாருன்னு எப்படிங்க எழுதினீங்க?"

"நானா எழுதலைம்மா. பூட்டோட பதிவு அப்படிச் சொல்லுது. நாடித்துடிப்பு, உள்ளங்கை வேர்வை, விரல் நடுக்கம், மூணையும் அது பாக்கும். மூணும் ஏறியிருந்தா ஆள் நிதானத்துல இல்லைன்னு அர்த்தம்."

"பன்னி மேல பாயறப்ப நாடி ஏறாம எறங்குமுங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பயமும் கோபமும் கையில ஒரே மாதிரிதான் தெரியும். பிரிச்சுப் பாக்க இன்னும் வழி கண்டுபிடிக்கலை."

"அப்ப பயந்துட்டாருன்னு எழுதியிருக்கலாமுங்களே."

"அறிக்கையில அப்படி ஒரு கட்டம் இல்லைம்மா. நிதானம், சினம், ரெண்டுதான்." பிறகு, அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, சொன்னார். "நீங்க ஒண்ணு யோசிக்கணும். இந்தப் பூட்டு வந்தப்புறம் இந்த மாநிலத்துல ஒரு பொண்ணு புருஷன் துப்பாக்கியால சாகலை. ஒரு குழந்தை சாகலை. அந்தக் கணக்கையும் பாத்தீங்கன்னா, உங்க வீட்டுக்காரர்..."

"என்ற ஊட்டுக்காரரு சில்லறைங்களா?"

துளசிமணி எழுந்துகொண்டாள். படியிறங்கும்போது மனசுக்குள் ஒரு தீர்மானம் தானாக வந்து உட்கார்ந்தது. இந்தப் பூட்டு எங்கள் காட்டை விட்டுப் போகவேண்டும். அது போவதற்குள் என் புருஷன் நின்ற இடத்தில் இந்த ஆள் நிற்கவேண்டும், கையில் அதே பூட்டோடு.

ஊருக்குத் திரும்பினால் பழனியப்பன் கொதித்துக்கொண்டிருந்தான். அண்ணன் பெண்டாட்டியை அவன் அந்தப் பக்கத்து வழக்கப்படி நங்கையா என்றுதான் கூப்பிடுவான்.

"அடிவாரத்துல லைசென்சு வெச்சிருக்கிற அத்தனை பேரும் துப்பாக்கியத் தூக்கிட்டு கலெக்டர் ஆபீசுக்கு முன்னாடி போயி நிப்பமுங்க நங்கையா. அப்பத்தான் புத்தி வரும்."

"நின்னா? படம் புடிச்சுப் போட்டுப்போட்டு, பாத்தீங்களா இவனுங்களுக்குப் பூட்டுப் போட்டது சரிதான்னு டிவில நாயம் பேசுவாங்க. ஊரே நம்மளக் கண்டா பயப்படுது தம்பி. பயப்படறவங்ககிட்ட இரும்பைக் காட்டி என்ன வாங்கமுடியும்?"

அவள் போட்ட முதல் சட்டம் அதுதான். துப்பாக்கியோடு ஒரு போட்டோகூட வெளியே போகக்கூடாது. எந்த மேடையிலும் உரிமை என்ற சொல் வரக்கூடாது, காவல் என்றே சொல்லவேண்டும். கட்சிக்காரர் யார் வந்தாலும் மோர் கொடுத்து அனுப்பிவிட வேண்டும், மைக் கொடுக்கக்கூடாது. கூட்டத்துக்கு ஆண்கள் பின்னால், பெண்கள் முன்னால். யாராவது கத்தினால் அவன் வீட்டுக்கு அடுத்த கூட்டத்துக்கு அழைப்புக் கிடையாது. இந்தக் கடைசிச் சட்டத்தைக் கேட்டதும் பழனியப்பனே குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

ஒவ்வொரு கிராமசபையிலும் ஒரே தீர்மானம், ஒரே வாசகம்: பயிர்க் காவல் துப்பாக்கிக்கு மட்டும் விலக்கு வேண்டும். முதலில் சிரித்தார்கள். ஒரு பத்திரிகை, 'பன்றிக் கட்சி' என்று கேலிச்சித்திரம் போட்டது. துளசிமணி அதை வெட்டிப் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டச் சொன்னாள். "நம்ம பேரு வந்திருக்குதுல்ல, சந்தோசப்படுங்க" என்றாள்.

அத்தோடு இன்னொரு வேலையும் நடந்தது. பூட்டு இருக்கிறவரை பன்றி காத்திருக்காது அல்லவா? ஆகவே பூட்டை ஏமாற்றப் பழகினார்கள். சாயங்காலம் பால் ஊற்றிவிட்டுச் சொசைட்டி முற்றத்தில் தோட்டா இல்லாத துப்பாக்கியோடு வரிசையாக உட்காருவார்கள். மூச்சை மெதுவாக இழுத்து, பயத்தை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்து, விளக்கு பச்சையாகும்வரை பிடிப்பார்கள். பக்கத்தில் ஒருவர் தகர டப்பாவைத் தட்டுவார், பட்டாசு போடுவார். ஆரம்பத்தில் ஒரே சிரிப்பு. "சம்பந்தி ஊட்டுல காப்பி நல்லாருக்குதுன்னு சொல்லுவீல்ல, அந்த மூஞ்சிய வெச்சுக்கடி" என்று ஒருத்திக்கு ஒருத்தி பாடம் எடுத்தார்கள்.

எல்லோரையும்விடச் சீக்கிரம் கற்றுக்கொண்டவள் துளசிமணி. சென்னியப்பனின் துப்பாக்கி அவள் பெயருக்கு மாறி, பூட்டை அவள் கைக்குப் பதிந்து கொடுத்திருந்தார்கள். கண்ணை மூடுவாள். சுருக்கமில்லாத சட்டையும் தடித்த கண்ணாடியும் மக்காச்சோளத்துக்கு நடுவே நிற்பதை நினைத்துக்கொள்வாள். முதலில் அந்த நினைப்பே விளக்கைச் சிவப்பாக்கியது. விடவில்லை. தினம் அதையே நினைத்து நினைத்து, நாக்கில் கசப்பு மரத்துப் போகிறமாதிரி ஒருநாள் அதுவும் மரத்தது. அவர் விழுவதை நினைத்தபோதும் பச்சை. கத்துவதை நினைத்தபோதும் பச்சை.

இதற்கு ஒரு விலை இருந்தது, அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஊரில் சண்டை குறைந்தது. பிறகு நின்றே போனது. வாய்க்கால் தகராறு கிடையாது, மாமியார் மருமகள் பேச்சு கிடையாது. பழனியப்பனின் மாமனார் இறந்தபோது ஒப்பாரி வைக்க உட்கார்ந்த பெண்களுக்கு அழுகை வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் சாப்பிடாமலேயே கிளம்பிவிட்டார்கள்.

போராட்டத்துக்குத் திருப்பம் வந்தது ஃபிலோமினாவால். கல்யாண ஊர்வலத்தில் மகளைப் பறிகொடுத்தவள். நிதானப் பூட்டுக்காகக் கோட்டைவரை நடந்தவள். அவள் பேச்சைக் கேட்டுத்தான் சட்டமே வந்தது என்று சொல்வார்கள். துளசிமணி அவள் வீட்டுக்குப் போகப்போகிறாள் என்றதும், "செருப்பால அடிப்பாங்க" என்று எச்சரித்தார்கள். அவள் தனியாகவே போனாள்.

ஃபிலோமினா கதவைத் திறந்து ஆளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "பன்றிக் கட்சிதானே நீங்க? பூட்ட எடுக்கச் சொல்லிக் கேக்க வந்தீகளா?"

"கேக்க வரலீங்கக்கா. உங்க புள்ளை போட்டோவைப் பாத்துட்டுப் போலாமுன்னு வந்தேன்."

அப்படிச் சொல்லவேண்டும் என்று பஸ்ஸிலேயே தயார் செய்துகொண்டு வந்த வார்த்தைதான். ஆனால் போட்டோவின் முன்னால் நின்றபோது தயார் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. ஒற்றைப் பின்னல், முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி.

"உங்க வீட்டுக்காரர் விஷயத்த நான் பேப்பர்ல படிச்சேன்" என்றாள் ஃபிலோமினா. "அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. என் பிள்ளைக்காகக் கேட்ட பூட்டு இன்னொருத்தர் உசிரக் குடிச்சிருச்சேன்னு."

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? கையெழுத்துப் போட்டவன் ஒருத்தன் இருக்கறானில்ல."

அந்தக் குரலைக் கேட்டு ஃபிலோமினா நிமிர்ந்து பார்த்தாள். "தங்கச்சி, எனக்கும் ஒருத்தன் சாகணும்னு இருந்துச்சு. ஜெயில்ல செத்தான். சேதி வந்தன்னைக்குப் பிரியாணி செஞ்சு சாப்பிட்டேன். மறுநா காலையில எந்திரிச்சா, நெனைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. அவன நெனைச்சுக்கிட்டே இருந்ததுல என் பிள்ளைய நெனைக்கிறதையே மறந்துபோயிருந்தேன். பாத்துக்க."

துளசிமணி தலையாட்டினாள். ஆனால் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஃபிலோமினா பொது விசாரணைக்கு வருவதாகச் சொன்னதை மட்டும் பத்திரமாக முடிந்துகொண்டாள்.

அடுத்து வந்தது உள்ளாட்சித் தேர்தல். தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும், முடிந்ததும் போய் எடுத்துக்கொள்ளவேண்டும். காலங்காலமாக இருக்கிற வழக்கம். இந்தமுறையும் ஒப்படைத்தார்கள். தேர்தல் முடிந்தது. எடுக்க ஒருவரும் போகவில்லை.

ஆள் அனுப்பிக் கேட்டார் இன்ஸ்பெக்டர். "பூட்டுப் போட்ட துப்பாக்கியை வெச்சு நாங்க என்னங்க பண்ணுறது? உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டுமுங்க" என்று பதில் போனது. சட்டப்படி ஒப்படைத்த துப்பாக்கி கெடாமல் பார்த்துக்கொள்வது ஸ்டேஷனின் பொறுப்பு. தினம் காலையில் குளித்து முழுகி ஒரு குடும்பம் ஸ்டேஷனுக்குப் போகும். "எங்கப்பாரு துப்பாக்கிங்க. எண்ணெய் போட்டீங்களா? குழாய்க்குள்ள துரு ஏறியிருக்குதான்னு சித்தெ காட்டுனீங்கன்னா தேவலை" என்று பணிவாகக் கேட்கும். அடிவாரத்தில் இருந்த எல்லா ஸ்டேஷனிலும் இதே கதை. லாக்கப் முழுக்கத் துப்பாக்கி. பிடித்துவந்த திருடனை உட்காரவைக்க இடமில்லாமல் வராந்தாவில் வைத்தார்கள், அவன் ஓடியே போனான். ஒருவரும் கோஷம் போடவில்லை, ஒரு கல் விழவில்லை. எதற்கென்று கைது செய்வது? கடைசியில் போலீஸ்காரர்களே மேலே எழுதினார்கள், ஐயா இதற்கு ஒரு முடிவு கட்டுங்கள் என்று.

ஒரு கமிட்டி வந்தது. ஒன்றிய அலுவலகத்தில் பொது விசாரணை. ஃபிலோமினா எழுந்து, "பூட்டு வேணும்னு கேட்டவ நான். வயக்காட்டுக்கும் சேத்து நான் கேக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மண்டபம் அமைதியாகிவிட்டது. துளசிமணி அந்த அமைதிக்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தாள். மெதுவாக எழுந்தாள்.

"எங்களுக்குப் பேசத் தெரியாதுங்க. கிருபாகரன் ஐயா ஒரே ஒருக்கா அவரு கையிக்குப் பூட்டைப் பதிஞ்சுக்கிட்டு எங்க காட்டுல வந்து நிக்கட்டும். பன்னி வரட்டும். துப்பாக்கி சுட்டுதுன்னா நாங்க வாய மூடிக்கறோம். ஸ்டேஷனுக்குப் போயி அவங்கவங்க துப்பாக்கிய எடுத்துக்கறோம்."

கமிட்டித் தலைவர் மறுக்க வாயெடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிருபாகரன் முந்திக்கொண்டார். "நியாயமான கோரிக்கை. நான் வரேன்."

அவர் நல்ல மனுஷன். துளசிமணி போட்ட திட்டம் முழுக்க அந்த நல்லதனத்தை நம்பிப் போட்டதுதான்.

பன்றி எந்த வழியாக வருகிறதோ அந்த வழியாகத்தான் திரும்பும். குட்டி கூட இருந்தால் தடத்தில் யார் நின்றாலும் விடாது. அடிவாரத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. வெளியூர்க்காரரைக் காட்டுக்குள் கூட்டிப்போனால் முதலில் சொல்கிற வாக்கியமும் இதுதான்: தடத்தில் நிற்காதீர்கள். துளசிமணி அதைச் சொல்லவில்லை. வேலியோரம் மண் குழைந்து, கால்தடம் பதிந்து, இரண்டு பக்கமும் சோளத்தட்டை சாய்ந்து கிடந்த இடத்தைக் கையால் காட்டினாள். "இங்க நின்னீங்கன்னா நல்லாத் தெரியுமுங்க" என்றாள். பழனியப்பன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான்.

"தம்பி, நீ கமிட்டிக்காரங்களோட ஜீப்புகிட்ட நில்லு" என்றாள் அவனிடம், சாதாரணமாக. அவன் போனான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. கிருபாகரன் கையில் புதிதாகப் பதிந்த துப்பாக்கி. நாலு எட்டு தள்ளித் துணைக்கென்று துளசிமணி, கையில் இந்தச் சோதனைக்கென்று மட்டும் ஸ்டேஷனிலிருந்து வாங்கிவந்த சென்னியப்பனின் துப்பாக்கி. இருவர் விளக்கும் பச்சை. அவர் ரகசியக் குரலில், "அம்மா, அந்த அறிக்கையப் பத்தி நான் நிறைய யோசிச்சேன்" என்று ஏதோ ஆரம்பித்தார்.

சோளக்காட்டுக்குள் தட்டை முறிகிற சத்தம். முதலில் குட்டிகள் வரிக்கோட்டு முதுகோடு குதித்து வந்தன. ஆளைப் பார்த்ததும் கிறீச்சிட்டுச் சிதறின. பின்னால் தாய். அது நிற்கவில்லை, யோசிக்கவில்லை, தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக வந்தது.

கிருபாகரன் துப்பாக்கியைத் தூக்கினார். விளக்கு சிவப்பாகியது. விசையை இழுத்தார், மறுபடி இழுத்தார். "நிதானம், நிதானம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. பன்றி அவர் காலை வாரிச் சாய்த்தது. அவர் கத்தினார்.

துளசிமணி அதற்குள் குறி பார்த்து முடித்திருந்தாள். பன்றியின் காதுக்குப் பின்னால், கை அசையாமல். இந்தத் தூரத்தில் தவற வழியே இல்லை. கட்டைவிரலுக்கு மேலே விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. விசை இளகித்தான் இருந்தது.

அவள் இழுக்கவில்லை.

சுட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பாருங்கள், ஆபத்திலும் பூட்டு திறந்தது, பழகிக்கொண்டால் போதும் என்பார்கள். சட்டம் நிற்கும், இந்த ஆளும் பிழைத்துப்போவான், சென்னியப்பன் கோபக்காரனாகவே இருப்பார். சுடாவிட்டால் எல்லாம் கிடைக்கும். அப்படியெல்லாம் யோசித்துத்தான் நின்றாள் என்று பிற்பாடு அவளே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அந்த நேரம் மனசில் ஒன்றுமே இல்லை. உலையில் அரிசி வெந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே கிடந்த மனுஷன் தலையைத் திருப்பினார். கண்ணாடி எங்கோ போயிருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் கையைப் பார்த்தார்.

பழனியப்பனும் மற்றவர்களும் தகரத்தைத் தட்டிக்கொண்டு கூச்சலிட்டபடி ஓடிவந்தார்கள். பன்றி குட்டிகளைச் சேர்த்துக்கொண்டு காட்டுக்குள் போய் மறைந்தது.

"நீங்க சுடலீங்களா நங்கையா?"

"செவப்பு எரிஞ்சுது தம்பி" என்றாள் துளசிமணி. கையைத் துப்பாக்கியிலிருந்து அப்போதுதான் எடுத்தாள்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவர் உயிரைக் காப்பாற்றினார்கள், காலைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு துப்பாக்கியின் பூட்டுகளையும் கழற்றிப் பதிவைப் பார்க்கச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். பதிவு பொய் சொல்லாது. துளசிமணி ஒரு துணிப்பையில் இரண்டு சேலையும் ஒரு சோப்பும் எடுத்து வைத்துவிட்டுப் போலீஸ் வருமென்று காத்திருந்தாள். அவளுக்குப் பயமாக இல்லை. நினைத்ததை முடித்தாகிவிட்டது, கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிடலாம் என்றிருந்தது.

போலீஸ் வரவில்லை. பயிர்க் காவல் துப்பாக்கிகளுக்குப் பூட்டிலிருந்து விலக்கு என்று அரசாணை வந்தது. ஊரில் வெடி போட்டார்கள். அப்படியும் ஒருவருக்கும் முகம் மலரவில்லை, எல்லோரும் ஒழுங்காக நின்று இனிப்பு வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் அவள் கோயமுத்தூருக்கு பஸ் ஏறினாள்.

கிருபாகரன் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் பாதியோடு தட்டையாகிவிட்டிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்க முயல்கிறவர்போல உடம்பை அசைத்தார், பழைய பழக்கம்.

"உட்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் அறிக்கைய மாத்தி எழுதிட்டேன். பூட்டு தவறா இயங்கியது, சென்னியப்பன் பயந்திருந்தார், கோபப்படலைன்னு. பயந்தா என்ன ஆகும்னு இப்ப எனக்குத் தெரியும்."

அதற்காகத்தான் இத்தனையும் செய்தாள். கேட்டபோது உள்ளே எதுவும் அசையவில்லை. "என்ற துப்பாக்கிப் பதிவு?" என்றாள்.

"பாத்தேன். எங்க பிரிவுலேர்ந்து முதல்ல எனக்குத்தான் அனுப்பினாங்க. ஆரம்பத்துலேர்ந்து கடைசிவரைக்கும் பச்சை. ஒரு தடவைகூட நாடி ஏறலை." அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "உயிர் பிழைக்கத் துடிச்சவனை அந்தப் பூட்டு தடுத்துச்சு. சாகட்டும்னு நின்னவங்களுக்குத் திறந்து வச்சுச்சு. அந்த மாதிரி ஒண்ணை நாந்தான் செஞ்சேன். அதான் எடுக்கச் சொல்லி எழுதிட்டேன். உங்க பதிவை அழிச்சிட்டேன். ரெண்டு துப்பாக்கியும் சிவப்புன்னுதான் அறிக்கையில இருக்கு."

"ஏனுங்க? உண்மைய எழுதியிருக்கலாமுங்களே. நான் போறதுக்குத் தயாராத்தான் இருந்தேன்."

"தெரியும்" என்றார் அவர். "எழுதினா ஜெயிலுக்குப் போவீங்க. சில வருஷம் இருப்பீங்க. அனுபவிச்சாச்சு, கணக்கு தீந்துதுன்னு ஒருநாள் வெளிய வருவீங்க. அந்த நாள் உங்களுக்குக் கிடைக்கக்கூடாதும்மா."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார், அழுவார், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவார் என்று துளசிமணி காத்திருந்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் முகத்தில் துளிக்கூடக் கோபம் இல்லை. அப்படி ஒரு நிதானமான முகத்தை அவள் இதுவரை தன் வீட்டுக் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருந்தாள்.